பாமர்ஸ்டன் தீவில் பாய்மரப் படகை நிறுத்துவது: விருந்தா, சுமையா?

அலைவாய்க்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஆக்லாந்தில் வசிக்கும் என் பழைய அலுவலக நண்பர் ஒருவருக்குச் சொந்தமான நாற்பதடிப் பாய்மரப் படகில், வரும் பருவத்தில் நானும் என் மனைவியும் தென் பசிபிக்கில் உள்ள போரா போராவிலிருந்து டோங்கா வரை உடன் செல்ல இருக்கிறோம். எங்கள் இருவருக்கும் கடற்கரையோரப் பயணங்களில் பழக்கம் உண்டு, பெருங்கடல் புதிது. போரா போராவிலிருந்து மேற்கே நேராகச் சென்றால், சுமார் 650 கடல் மைல் தொலைவில் குக் தீவுகளைச் சேர்ந்த பாமர்ஸ்டன் வருகிறது. அங்கிருந்து நியூயே தீவு ஏறத்தாழ 390 கடல் மைல். பாமர்ஸ்டனில் நிற்பதா, அதைத் தாண்டி நேராக நியூயேக்குப் போவதா என்ற முடிவை நண்பர் எங்களிடமே விட்டுவிட்டார்.

அந்தத் தீவைப் பற்றிப் படித்தவரை, அங்கே விமானத் தளம் இல்லை, விடுதி இல்லை, பெயருக்கு உரிய கடையும் இல்லை. வரும் படகுக்காரர்களை ஏதாவதொரு குடும்பம் தன் விருந்தினராக ஏற்றுக்கொண்டு, புறப்படும் வரை சோறு போட்டுப் பார்த்துக்கொள்கிறது என்கிறார்கள். சில டஜன் பேர் மட்டுமே வாழும் ஓர் ஊரில், முன்பின் தெரியாத நாங்கள் போய் உட்கார்ந்து உண்பது முறைதானா என்பதுதான் என் தயக்கம். அங்கே போனவர்களோ அந்தப் பக்கத்துக் கடலை அறிந்தவர்களோ இருந்தால் விளக்கமாக எழுத வேண்டுகிறேன்.

கொண்டல்

நான் வேறொருவர் படகில் உதவியாளனாகச் சென்று அந்தத் தீவில் தங்கியிருக்கிறேன். ஆகவே கண்டதை எழுதுகிறேன்.

பாமர்ஸ்டன் ஒரு பவள வளையம். நடுவில் பெரிய காயல், அதைச் சுற்றிப் பவளப்பார், அந்தப் பாரின் மேல் ஆங்காங்கே தென்னை அடர்ந்த சிறு திட்டுகள். மக்கள் வாழ்வது மேற்கு விளிம்பில் உள்ள ஒரே ஒரு திட்டில்தான். திட்டுகள் அனைத்தையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். பாய்மரப் படகு காயலுக்குள் நுழைய வழி கிடையாது. பாரில் உள்ள இடைவெளிகள் அலுமினியச் சிறு படகுகள் வளைந்து நெளிந்து வருவதற்கு மட்டுமே போதுமானவை. அதனால் நம் படகு பாருக்கு வெளியே, மேற்குப் பக்கத்தில், திறந்த கடலிலேயே நிற்க வேண்டும்.

நெருங்கும்போது வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆம் அலைவரிசையில் அழைத்து, நுழைவுச் சோதனை இன்னும் முடியவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றிக்கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் தீவிலிருந்து ஒரு சிறு படகு புறப்பட்டு வரும். முதலில் வந்து சேர்பவரின் குடும்பமே உங்களை ஏற்றுக்கொள்ளும் என்பது அங்கு நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அவர்கள் உங்கள் படகை மிதவையில் கட்ட உதவுவார்கள். பிறகு சுங்கம், குடிவரவு, சுகாதாரம், உயிரிப் பாதுகாப்பு ஆகியவற்றைக் கவனிக்கும் தீவு அலுவலர்களை அழைத்து வருவார்கள். தாள்கள் முடிந்த பிறகுதான் கரை. கரைக்குப் போவதும் திரும்புவதும் அவர்களுடைய படகில்தான். உங்கள் ரப்பர் படகை நீங்களே ஓட்டிக்கொண்டு அந்த இடைவெளிக்குள் புக முயலாதீர்கள். பாரின் மேல் இடைவிடாமல் ஏறும் அலைநீர் முழுவதும் மேற்கு இடைவெளிகள் வழியாகத்தான் வெளியேறுகிறது. பவள முண்டுகள் எங்கே இருக்கின்றன என்பது அங்கு பிறந்தவர்களுக்கே கைவந்த அறிவு.

மற்றபடி, பகலுணவு அவர்கள் வீட்டு முற்றத்தில். காயலில் பிடித்த கிளிமீன், சோறு, தேங்காய்ப்பால். உண்டபின் ஊஞ்சல் படுக்கையில் சாயச் சொல்வார்கள். கூட்டிப் பெருக்கிய வெண்மணல் தெரு, தேவாலயம், ‘லக்கி ஸ்கூல்’ என்று பெயர் வைத்த பள்ளிக்கூடம், முன்னோர் கல்லறைகள். ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும். சுற்றிப் பார்த்த பிறகும் புறப்பட மனம் வராது என்பது வேறு விஷயம்.

ஏட்டுச்சுவடி

இந்த விருந்து முறை ஏன் குடும்பவாரியாக நடக்கிறது என்பது தீவின் வரலாறு தெரிந்தால்தான் விளங்கும். எனவே சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

கேப்டன் குக் 1774-இல் இந்தத் தீவைத் தொலைவிலிருந்து கண்டு, பிரிட்டிஷ் கடற்படை ஆட்சிக்குழுவில் இருந்த பாமர்ஸ்டன் பிரபுவின் பெயரை வைத்தார். 1777-இல் தம் மூன்றாம் பயணத்தின்போது, கால்நடைகளுக்குத் தீவனம் தேடி ஆட்களைக் கரையிறக்கினார். அப்போது அங்கே மனிதர் எவரும் வசிக்கவில்லை. 1863-இல் வில்லியம் மார்ஸ்டர்ஸ் என்ற ஆங்கிலேயத் தச்சர், பென்ரின் தீவைச் சேர்ந்த பாலினேசிய மனைவியருடன் வந்து குடியேறினார். தஹிதியில் இருந்த ஜான் பிராண்டர் என்ற வணிகருக்காகத் தென்னை வளர்த்துக் கொப்பரை எடுப்பதுதான் அவர் வந்த வேலை. கொப்பரை வணிகத்தின் கதை எப்படியோ முடிந்தது, மனிதர்கள் தங்கிவிட்டார்கள்.

மார்ஸ்டர்ஸுக்கு மூன்று மனைவியர். தாம் இறப்பதற்கு முன், வாழும் திட்டையும் காயலைச் சுற்றியுள்ள மற்றத் திட்டுகளையும் மூன்று கிளைகளுக்கும் பங்கிட்டு எல்லை வகுத்துவிட்டார். ஒரே கிளைக்குள் மணம் முடிக்கலாகாது என்ற விதியையும் வைத்தார். அவர் 1899-இல் இறந்தார். உடைந்த கப்பல்களின் கனத்த உத்திரங்களைக் கொண்டு அவர் எழுப்பிய வீடு, தீவைச் சூறையாடிய 1926-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின்னும் நின்றது. 1954-இல் நியூசிலாந்து சட்டமியற்றி, தீவின் முழு உரிமையையும் மார்ஸ்டர்ஸ் வழித்தோன்றல்களுக்கே அளித்தது. இன்றும் குடிமக்கள் ஏறத்தாழ எல்லோரும் அந்த ஒரே குடும்பப் பெயரைத் தாங்கியவர்கள். குக் தீவுகளிலேயே ஆங்கிலம் ஊரின் தாய்மொழியாக இருப்பது இந்த ஒரு தீவில் மட்டும்தான்.

நான் சொல்ல வருவது இதுதான்: அங்கே பொது நிலம் என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. நீங்கள் கால் வைக்கும் மணல் ஏதோ ஒரு கிளையின் மணல். ஆகவே யாரோ ஒருவருடைய விருந்தாளியாக இல்லாமல், ‘சும்மா பார்க்க வந்தேன்’ என்று ஒருவர் அந்த ஊரில் திரிவதற்கு முறையான இடமே இல்லை. விருந்தோம்பல் என்று நாம் மெய்சிலிர்த்துப் பேசுவதில், அந்நியரை யார் பொறுப்பேற்பது என்ற நிர்வாக ஏற்பாடும் பாதி கலந்திருக்கிறது.

உப்பளத்தான்

நண்பர்கள் எழுதியவற்றைப் படித்தேன். நான் அங்கே போனதில்லை, போகவும் உத்தேசமில்லை. ஆனால் இழையைத் தொடங்கியவரின் தயக்கம் நியாயமானது என்று சொல்ல ஒருவராவது வேண்டும்.

2011-இல் அறுபது பேர் அளவில் இருந்த ஊர், அண்மைய கணக்கெடுப்பில் முப்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. இளையோர் குக் தீவுகளின் தலைமைத் தீவான ராரடோங்காவுக்கும் நியூசிலாந்துக்கும் படிப்புக்காகவும் வேலைக்காகவும் சென்றுவிடுகிறார்கள். சரக்குக் கப்பல் ஆண்டுக்குச் சில முறைதான் வருகிறது. எப்போது வரும் என்பதும் நிச்சயமில்லை. இந்த நிலையில், மே முதல் அக்டோபர் வரையிலான பருவத்தில் படகுகள் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் இருவரோ நால்வரோ. ஒவ்வொருவருக்கும் மீன், சோறு, போக வர மோட்டார் படகின் பெட்ரோல். அந்தப் பெட்ரோல் எங்கிருந்து வருகிறது என்று விருந்துண்டவர்கள் யோசிக்கிறார்களா?

மேலும், மறுக்க முடியாத விருந்து ஒரு வகையில் இரு தரப்புக்கும் கட்டாயம்தான். விருந்தாளியால் ‘வேண்டாம்’ எனச் சொல்ல முடியாது. விருந்தளிப்பவராலும், இன்று உடம்பு சரியில்லை, நாளை வாருங்கள் என்று சொல்ல முடிவதில்லை. தென் அட்லாண்டிக்கில் உள்ள டிரிஸ்டான் ட குன்ஹா தீவுக்குப் போவதானால், முன்கூட்டியே தீவு மன்றத்தின் இசைவைப் பெற வேண்டும். அங்கே ‘வராதீர்கள்’ என்று சொல்லும் உரிமை ஊருக்கு இருக்கிறது. கடலில் ஒரு பாய் தென்பட்டவுடன் படகை எடுத்துக்கொண்டு ஓடும் ஏற்பாட்டைவிட அது நேர்மையானது என்று நினைக்கிறேன்.

கொண்டல்

உப்பளத்தான் ஐயா, கணக்கு கேட்பது சரி. ஆனால் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தத் தீவின் வருவாய் பெரும்பாலும் கிளிமீனிலிருந்து வருகிறது. பிடித்து, முள் நீக்கித் துண்டாக்கி, உறைபெட்டிகளில் சேர்த்து வைத்து, கப்பல் வரும்போது ராரடோங்காவுக்கு அனுப்புகிறார்கள். ஆகவே உறைபெட்டிதான் அந்த ஊரின் வங்கி. 2015 வாக்கில் நியூசிலாந்தின் உதவியுடன் சூரிய மின்சாரம் வந்த பிறகு டீசலை நம்பியிருப்பது வெகுவாகக் குறைந்தது. அதற்கு முன் டீசல் தீர்ந்தால் மீனும் போச்சு. இப்படிப்பட்ட இடத்துக்கு வரும் படகில் பொறியாளர் இருப்பார், மின்வேலை தெரிந்தவர் இருப்பார், பல் மருத்துவர்கூட இருப்பார். நாங்கள் நின்றிருந்தபோது எங்கள் படகுத் தலைவர் பகலில் பெரும்பகுதியை ஒரு வெளிப்பொறி மோட்டாரின் முன்னாலேயே கழித்தார். விருந்தளித்தவரின் மைத்துனர் வீட்டுத் தண்ணீர் இறைப்பானையும் பிறகு அவரிடமே கொண்டுவந்தார்கள். மாவு, அரிசி, சர்க்கரை, வெங்காயம், கயிறு, பெட்ரோல் என்று கொண்டுபோனவற்றை எவரும் விலை பேசவில்லை. நாம் கொடுத்ததும் அவர்கள் கொடுத்ததும் ஈடாகுமா என்று கணக்குப் பார்ப்பதும் அங்கே அழகல்ல.

தீவு நிர்வாகத்துக்கு உரிய கட்டணங்கள் உண்டு, மிதவைக்கும் உண்டு. அவற்றை நியூசிலாந்து டாலரில், ரொக்கமாக, சில்லறையுடன் கொண்டுபோவது நல்லது. ஆனால் உணவுக்குப் பணம் நீட்டாதீர்கள்.

2020-இல் எல்லை மூடப்பட்டு, படகுகளே வராத பருவங்கள் கடந்தன. யாரும் வராமல் இருப்பதுதான் நிம்மதி என்று அந்த மக்கள் முடிவெடுத்திருந்தால், அதன் பிறகு திறக்காமலே விட்டிருக்கலாம். எனக்கு அந்த ஒன்று போதிய சான்றாகப் படுகிறது.

உப்பளத்தான்

எல்லையைத் திறப்பதும் மூடுவதும் ராரடோங்காவில் இருக்கும் அரசு எடுக்கும் முடிவு. அதை ஊராரின் மனநிலைக்குச் சான்றாகக் காட்டுவதை நான் ஏற்கவில்லை. மோட்டார் பழுதுபார்த்த கதையை ஏற்கிறேன். ஆனால், எல்லாப் படகிலும் மோட்டார் தெரிந்தவர் இருப்பதில்லையே. ஒளிப்படக் கருவி மட்டும் தெரிந்தவர்கள்தான் கூடிக்கொண்டு வருகிறார்கள்.

தோணித்துறை

விருந்தா சுமையா என்பதைப் பெரியவர்கள் பேசுங்கள். எனக்குத் தெரிந்தது கடல். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் தூத்துக்குடிக்காரன், தோணித் தொழில் செய்த குடும்பம். எங்கள் தோணிகள் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போனவை. பிறகு வணிகக் கப்பல்களிலும் வேலை பார்த்தேன். பவள வளையங்களின் குணம் பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் பெரிதாக மாறுவதில்லை.

பாமர்ஸ்டனில் படகுகள் மேற்குப் பக்கத்தில் நிற்பதற்குக் காரணம், அந்தப் பருவத்தில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் அடிக்கிறது என்பதே. அப்படி அடிக்கும்வரை தீவு உங்களுக்கு மறைப்பு. கயிறே அறுந்தாலும் படகு ஆழ்கடலை நோக்கித்தான் மிதந்து போகும். ஆனால் தெற்கே தாழ்வழுத்த மண்டலங்கள் கடந்து போகும்போது காற்று வடக்குக்கும் பின்பு மேற்குக்கும் சுற்றும். கச்சான் எனும் மேற்குக் காற்று எழுந்துவிட்டால், சற்று முன்பு வரை மறைப்பாக இருந்த அதே பார் உங்கள் பின்புறத்தில் சில படகு நீளத் தொலைவில் வாய் பிளந்து நிற்கும். அங்கே கடலடி குறுகிய திண்ணையாக இருந்து, உடனே அதலபாதாளமாக இறங்குகிறது. நங்கூரம் போட்டால் ஒன்று பவளத்தில் சிக்கும், அல்லது பிடிக்கவே பிடிக்காது. சிக்கினால் பவளமும் உடைகிறது. ஆகவே மிதவையே சரி. அந்த மிதவையையும் கண்ணை மூடி நம்பக்கூடாது. கட்டியவுடன் யாராவது ஒருவர் கண்ணாடி அணிந்து நீருக்குள் இறங்கி, கயிறும் சங்கிலியும் எந்த நிலையில் இருக்கின்றன, எதில் மாட்டப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

காற்று வடகிழக்கைத் தாண்டி வடக்கே திரும்பத் தொடங்கிய உடனேயே புறப்பட்டுவிடுங்கள். இரவானாலும் சரி, விருந்து அடுப்பில் இருந்தாலும் சரி. எல்லோரும் ஒருசேரக் கரைக்குப் போகாமல், படகைத் தனியாக ஓட்டத் தெரிந்த ஒருவர் எப்போதும் படகிலேயே இருப்பது உத்தமம். குறைந்தபட்சம், வானிலை சற்று ஐயத்துக்கு இடமாக இருக்கும் நாட்களிலாவது. மருத்துவமனைக்கு அவசரம் என்றால் ராரடோங்கா 270 கடல் மைல், ஐந்நூறு கிலோமீட்டர். தீவில் செவிலியர் உண்டு, மருத்துவர் கிடையாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஜூலை தொடங்கி அக்டோபர் வரை கூனல் திமிங்கிலங்கள் அந்தக் கடலுக்கு வருகின்றன. பாருக்கு வெளியே, நின்றுகொண்டிருக்கும் படகுகளின் அருகிலேயே குட்டியுடன் உலவும். இரவில் அவை மூச்சு விடும் ஓசைக்கு முதலில் தூக்கம் கெடும். பிறகு அது கேட்காவிட்டால்தான் தூக்கம் வராது என்று போய்வந்த மாலுமிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அலைவாய்க்கரை

தோணித்துறை அண்ணாச்சிக்குத் தனியாக நன்றி. நீங்கள் எழுதியதைப் படகு உரிமையாளரிடம் வரி வரியாகச் சொன்னேன். காற்று வடக்கே திரும்பினால் புறப்படுவது என்பதை இப்போதே எழுதப்படாத விதியாக வைத்துக்கொள்ளலாம் என்றார்.

என் மனைவி சைவ உணவு மட்டுமே உண்பவர். மூன்று வேளையும் மீன் பரிமாறும் வீட்டில், கடல் தந்ததையெல்லாம் அன்போடு வைக்கும் அந்த மக்களிடம், ‘இதை உண்ண மாட்டேன்’ என்று எப்படிச் சொல்வது? கேட்பது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம், ஆனால் இந்தக் கேள்விதான் எங்கள் வீட்டில் கடந்த சில நாட்களாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கொண்டல்

சிறுபிள்ளைத்தனம் ஒன்றுமில்லை. வானொலியில் பேசி, சிறு படகில் வந்து உங்களைச் சந்திக்கும் அந்த முதல் உரையாடலிலேயே சொல்லிவிடுங்கள். சமைத்து முடித்த பிறகு சொன்னால்தான் வருத்தம். பெருங்கடலைக் கடந்து வருபவர்களில் பல விதமானவர்கள் இருப்பதால், அங்கே இது புதிய செய்தியும் அல்ல. காரணத்தை விரித்துரைக்கத் தேவையில்லை. ‘எங்கள் வீட்டு வழக்கம்’ என்றால் போதும். வீட்டு வழக்கங்களை மதிப்பதில் அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள்.

உண்ண என்ன இருக்கும் என்றால், சோறு, தேங்காய், குழிகளில் வளர்க்கும் சேம்பு வகைக் கிழங்கு, வீட்டில் சுட்ட ரொட்டி. முளைவிட்ட தேங்காயின் உள்ளே திரளும் பஞ்சு போன்ற பூவைத் துருவி, மாவில் கலந்து தட்டையாகச் சுடுவார்கள். நம் ஊரில் தெருவோரத்தில் விற்கும் தேங்காய்ப்பூவேதான். உங்கள் மனைவிக்கு அது நிச்சயம் பிடிக்கும். நீங்களும் ஒரு நாள் சமைப்பதாகச் சொல்லி, பருப்பும் மசாலாவும் கரைக்குக் கொண்டுபோய் அவர்கள் அடுப்பிலேயே சமைத்துப் பரிமாறுங்கள். நாங்கள் அப்படிச் செய்தபோது, குழந்தைகள் ரசத்தை மறுத்துவிட்டுப் பூரியை மட்டும் தீர்த்தார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பருவத்தில் செவ்வால் வெப்பமண்டலப் பறவையின் குஞ்சுகளைக் குறிப்பிட்ட அளவில் பிடித்து, ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் சமமாகப் பங்கிட்டு உண்பது அவர்கள் மரபு. சைவ உணவு உண்ணும் ஒருவருக்கு அந்தக் காட்சி கடினமாக இருக்கலாம். முகம் சுளிக்காமல் விலகி நிற்பதே முறை. அந்தப் பங்கீட்டில் கைக்குழந்தைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அறிந்தபோது, ஊர் என்ற சொல்லுக்கு அங்கே என்ன எடை என்று எனக்குப் புரிந்தது.

ஏட்டுச்சுவடி

உயிரிப் பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும். பூச்சியோ நோயோ ஒன்று ஏறிவிட்டால், தப்பிக்க இடமில்லாத தீவு அது. போரா போரா சந்தையில் வாங்கிய பழங்களையும் கிழங்குகளையும் அன்பளிப்பாகக் கரைக்குக் கொண்டுபோகலாம் என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். அலுவலர் படகுக்கு வரும்போது இருப்பதையெல்லாம் காட்டி, எது கரையேறலாம் எனக் கேட்டு, அனுமதித்ததை மட்டும் இறக்குங்கள். குப்பையைத் தீவில் விட்டுவரக் கூடாது. உணவுப் பொட்டலங்களின் அட்டையையும் நெகிழியையும் கிளம்பும் துறைமுகத்திலேயே பிரித்து எறிந்துவிட்டுப் புறப்படுவது வசதி.

பூவரசந்தீவு

நான் யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவில் பிறந்து, இப்போது நியூசிலாந்தில் வசிப்பவள். இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டிருந்தேன். விருந்தாளிகள் மட்டுமே பேசிக்கொண்டிருப்பதாகத் தோன்றியதால் எழுதுகிறேன்.

எங்கள் தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து காலைப் படகில் வருவார்கள். குதிரைகளையும் கல்வேலிகளையும் ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாட்டையும் படம் பிடித்துக்கொண்டு பிற்பகல் படகில் திரும்பிவிடுவார்கள். அவர்களால் எங்களுக்குச் சுமையும் இல்லை, உறவும் இல்லை. பள்ளிக்குப் போகும் வழியில் எத்தனையோ பேருடைய படங்களில் நான் இருந்திருப்பேன். ஒருவர்கூடப் பெயர் கேட்டதில்லை. உப்பளத்தான் அண்ணா சொல்லும் டிரிஸ்டான் முறை ஒழுங்கானதுதான். ஆனால் இசைவுத் தாளோடு வந்து, எவர் வீட்டிலும் உட்காராமல் போகிறவரைவிட, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒரு நாள் எங்களோடு மீன் அரிந்தவரையே என் அம்மா வரவேற்பார். சிறிய தீவில் இருப்பவர்களுக்குச் சலிப்பூட்டுவது விருந்தாளியின் பசியல்ல, தன்னைக் காட்சிப்பொருளாகப் பார்க்கும் கண்தான். இதில் பாமர்ஸ்டன் மக்களுக்காக நான் பேச முடியாது. தீவுக்காரி என்ற அளவில் சொல்கிறேன்.

ஆகவே அலைவாய்க்கரை அண்ணா, படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், குழந்தைகளை எடுப்பதற்கு முன் அவர்களுடைய பெற்றோரைக் கேளுங்கள், இணையத்தில் இடுவதற்கு மறுபடியும் தனியாகக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை, மீன்பிடி, நீச்சல் ஒன்றும் கிடையாது என்பார்கள். அன்று தேவாலயத்துக்கு அழைத்தால், மதம் வேறாக இருந்தாலும் போங்கள். தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள். பெண்கள் தொப்பி அணிவது வழக்கம் என்பதால் உங்கள் மனைவி ஒன்று கொண்டுபோகட்டும்.

உப்பளத்தான்

தங்கச்சி பூவரசந்தீவு எழுதியது என் வாதத்தில் பாதியைத் தளர்த்திவிட்டது. மீதிப் பாதியை இன்னும் வைத்திருக்கிறேன். திண்ணையில் உட்கார்வதற்கு முன் திண்ணைக்காரருக்கு என்ன தேவை என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? போரா போராவில் இருந்துகொண்டு, ‘மாவு வேண்டுமாக இருக்கும், கயிறு வேண்டுமாக இருக்கும்’ என ஊகித்து வாங்கிப் போவதில் எனக்கு ஒப்புதல் இல்லை.

நேராகப் பாமர்ஸ்டனுக்குப் போகாமல், ராரடோங்கா வழியாகப் போனால் என்ன? வரைபடத்தில் அளந்து பார்த்தேன். போரா போராவிலிருந்து ராரடோங்கா ஏறக்குறைய 540 கடல் மைல். அங்கிருந்து பாமர்ஸ்டன் 270. நேர்வழியைவிட 160 மைல் அளவுக்குத்தான் கூடுகிறது. தீவு மக்களின் உறவினர் பெருந்தொகையாக ராரடோங்காவில் வாழ்கிறார்கள். சரக்குக் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பொருள்கள் அவர்களிடம் நிச்சயம் இருக்கும்: மோட்டார் உதிரி, மருந்து, பள்ளிக்கூடத்துக்கான பெட்டி, பாட்டி கேட்ட சீலைத்துணி. அவற்றை ஏற்றிக்கொண்டு போங்கள். அப்போது கடலில் தோன்றும் உங்கள் பாய், ஊரார் எதிர்பார்த்திருக்கும் பாய். வருகிறோம் என்ற செய்தியும் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடும். இந்த வாரம் வேண்டாம் என்றால் சொல்லவும் அவர்களுக்கு வாய்ப்பிருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கொண்டல்

இதை நான் முழுமனத்துடன் வழிமொழிகிறேன். அங்கே நாங்கள் இருந்தபோது, ராரடோங்காவிலிருந்து வந்த ஒரு படகு ஏற்றி வந்த பெட்டிகளை இறக்கத் தீவே கரையில் கூடிவிட்டது. குக் தீவுகளுக்குள் நுழைவதற்கான தாள்களையும் ராரடோங்காவிலேயே முடித்துக்கொள்ளலாம்; பாமர்ஸ்டன் போவதாக அங்கே சொல்லி, அதற்கான அனுமதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொட்டலங்களைப் பொறுத்தவரை, உள்ளே இருப்பது என்ன என்று கண்ணால் பார்க்காமல் எதையும் ஏற்றாதீர்கள். இது நம்பிக்கைக் குறைவல்ல, சுங்க நடைமுறை.

தோணித்துறை

வழி நல்ல வழிதான். ஆனால் ராரடோங்காவின் அவட்டியு துறைமுகம் வடக்கு நோக்கித் திறந்த சிறு துறை. படகின் முன்முனையில் நங்கூரம் போட்டு, பின்புறத்தைக் கரைச்சுவரில் கட்டி நிற்க வேண்டும். வடக்குக் காற்று எழுந்தால் உள்ளேயே அலை புகுந்து படகுகள் ஒன்றோடொன்று இடிபடும். அங்கேயும் வானிலை பார்த்தே நுழையுங்கள். போரா போராவிலிருந்து தென்மேற்கே இறங்கும் அந்த ஓட்டத்தில் காற்று பக்கவாட்டில் இருக்கும். தெற்கே சாய்ந்துவிட்டால் முகத்தில் அடிக்கும், சற்று நனைவீர்கள். ராரடோங்காவிலிருந்து பாமர்ஸ்டனுக்கு வடமேற்கே போகும்போது காற்று முதுகில். இரண்டு, மூன்று நாளில் சுகமாகப் போய்ச் சேரலாம். வேகத்தைக் கணக்கிட்டு, பகல் வெளிச்சத்தில் சேரும்படி புறப்படுங்கள். தாழ்ந்த தீவு, தென்னை உச்சி தெரியும்போதே பார் பக்கத்தில் வந்திருக்கும்.

அலைவாய்க்கரை

நேற்றிரவு மூவரும் தொலைபேசியில் பேசினோம். ராரடோங்கா வழியாகவே போவதென்று முடிவாயிற்று. அங்கே சில நாட்கள் தங்கி, உறவினர்களிடமிருந்து அனுப்ப வேண்டியவற்றைப் பெற்றுக்கொண்டு, தீவிலிருந்து ‘வாருங்கள்’ என்ற பதில் வந்த பிறகே புறப்படுவோம். பதில் வராவிட்டாலும், காற்று ஒத்துவராவிட்டாலும், பொருள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக நியூயே. என் மனைவி தொப்பிக்கும் துவரம்பருப்புக்கும் பட்டியல் போட்டுவிட்டார். டோங்காவிலிருந்து நாங்கள் திரும்பும் விமானச் சீட்டை மட்டும் இப்போதே எடுத்து வைக்கலாமா என்று உரிமையாளர் கேட்கிறார். கட்டணம் ஏறிக்கொண்டே போகிறதாம்.

தோணித்துறை

எடுக்காதீர்கள் தம்பி. தேதி மாற்ற முடியாத விமானச் சீட்டு சட்டைப்பையில் இருந்தால், போகக்கூடாத காற்றிலும் போகத் தோன்றும், நிற்கக்கூடாத மிதவையிலும் நிற்கத் தோன்றும். டோங்காவில் நங்கூரம் போட்ட பிறகு எடுங்கள். கூடுதலாகும் காசைப் பயணச் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.